படூர் வீட்டுக்கு நீ கொடுத்த பச்சை முத்திரை

செழியா,

இதை உன் கைப்பேசிக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. உன் கம்பெனி என் பெயரைப் போட்டு வெளியிட்ட அறிக்கையைச் செங்கல்பட்டிலிருந்து கோவளம் வரை எல்லோரும் படித்தார்கள். என் பழைய மாணவர்கள் படித்தார்கள். காய்கறிக் கடையில் பக்கத்தில் நின்ற பெண்மணிகூட என்னை அடையாளம் கண்டுகொண்டு கொஞ்சம் நகர்ந்து நின்றாள். ஆகவே என் பதிலையும் எல்லோரும் படிக்கட்டும். நீ வெளிநாட்டுக்குக் கிளம்புவதாகவும், ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் சேரப்போவதாகவும் செய்தி அனுப்பியிருந்தாய். "ஏர்போர்ட்டுக்கு வந்தா சந்தோஷப்படுவேம்மா, நடந்ததையெல்லாம் அங்க பேச வேண்டாம்" என்று எழுதியிருந்தாய். முதல் பாதியை மட்டும் எழுதியிருந்தால் ஒருவேளை வந்திருப்பேன். இரண்டாவது பாதியைப் படித்தபிறகு வருவதாக இல்லை. பேச வேண்டியதை இங்கே பேசிவிடுகிறேன். குறுக்கே பேச உனக்கு வழியில்லை என்பது எனக்கு வசதியாகவே இருக்கிறது.

நான் யார் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கணினி அறிவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். இயந்திரக் கற்றல் என்று இன்று எல்லோர் வாயிலும் புரள்கிற துறையில், அதற்கு இவ்வளவு கூட்டம் சேருவதற்கு முன்பே நுழைந்தவள். நாளைக்குத் தண்ணீர் வருமா என்று கேட்டால் 'வரும்' அல்லது 'வராது' என்று பதில் சொல்லும் நிரலை எழுதுவது பெரிய காரியமில்லை. தனக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்கிற நிரலை எழுதுவதுதான் என் வேலை. நிகழ்தகவு மாடல் என்று அதற்குப் பெயர். அது ஒற்றை எண்ணைத் தராது. இதிலிருந்து இதுவரை இருக்கலாம் என்று ஒரு வீச்சைத் தரும். தெரிந்தது அதிகமானால் வீச்சு குறுகும், தெரியாதது அதிகமானால் அகலும். இந்த அகலத்தைச் சரியாகச் சொல்வதற்காகத்தான் என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்தேன். அனுப்பிய கட்டுரைகளில் பாதி திரும்பி வந்தன. ஒரே எண்ணாகச் சொல்லுங்கள் மேடம், இப்படி இழுத்தால் யார் படிப்பார்கள் என்று என் துறைத் தலைவரே கேட்டார். பிறகு, படத்தைக் காட்டினால் பூனையா நாயா என்று பளிச்சென்று சொல்லும் மாடல்கள் வந்தன. என்னோடு இருந்தவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள். நீயும் போனாய். போனதில் எனக்கு வருத்தமில்லை. உன் நண்பர்களை வீட்டுக்குக் கூட்டிவந்து, "எங்கம்மா இன்னும் ஆட்டுக்கல்லுலதான் மாவாட்டுறாங்க" என்று என் எதிரிலேயே சிரித்தாயே, அன்றும் நான் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நீ திறமை இல்லாதவன் என்று யாரும் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு ஆத்திரம். முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, விடுமுறைக்கு வந்த இடத்தில் என் நிரலை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, நானும் என் மாணவர்களும் மாதக்கணக்கில் தேடிக் கிடைக்காத பிழையைச் சாப்பிட்டுக்கொண்டே சுட்டிக்காட்டினாய். அன்று எனக்கு உன் மேல் இருந்த பெருமையை நீ அறிய மாட்டாய். அவ்வளவு கூர்மையானவன் ஒரு தவறைச் செய்தால், அதைத் தெரியாமல் செய்தான் என்று பெற்றவளால்கூடச் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது.

அந்த நிரல் எங்கள் மாவட்டத்து ஏரிகளைப் பற்றியது. செங்கல்பட்டு ஏரிகள் தனித்தனியாக இருப்பவை இல்லை. மேலே இருக்கிற ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து கீழே இருக்கிற ஏரிக்குப் போகும், அங்கிருந்து அடுத்ததுக்கு, கடைசியில் சதுப்பிலும் கழிமுகத்திலும் சேர்ந்து, முட்டுக்காடு, கோவளம் பக்கம் கடலுக்குள் போகும். ஒரு ஏரியைப் பற்றி நமக்குத் தெரிவது அடுத்த ஏரியைப் பற்றிய நம் கணிப்பை மாற்றும். நிகழ்தகவு மாடல் செய்கிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான நிலம் கிடைக்காது. என் மாணவர்களோடு கரைகரையாக நடந்து அளந்து செய்த மாடல் அது. அதில் ஒரு தொல்லை கடைசிவரை தீரவில்லை. கடலில் கலக்கும் முகத்துவாரத்தை மணல் மூடிவிடும். எப்போது மூடும், எப்போது திறக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல எங்களால் முடியவில்லை. திறந்திருந்தால் என் மாடல் நன்றாகவே கணித்தது. மூடியிருந்தால் தண்ணீர் வந்த வழியே திரும்பும்; வீச்சு எங்கிருந்தோ எங்கேயோ வரை விரிந்துவிடும். அந்த நிலையில் படூர் பக்கத்துத் தாழ்வான நிலங்களுக்கு 'வெள்ளம் வராது' என்று யாருக்கும் சொல்லக்கூடாது என்று கட்டுரையிலேயே எழுதினேன். உன்னிடம் வாயாலும் சொன்னேன்.

எங்கே வைத்துச் சொன்னேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது. நீ கம்பெனி தொடங்கிய புதிது. மாமல்லபுரம் போகிற வழியில் முட்டுக்காடு படகுத்துறைக்கு எதிரே காரை நிறுத்தி, எனக்கு டீ வாங்கி வந்து கொடுத்து, "அந்த ஏரி மாடலைக் குடும்மா" என்று கேட்டாய். வீடு வாங்குகிறவர்களுக்கு அந்த இடத்தில் தண்ணீர் நிற்குமா நிற்காதா என்று சொல்லும் சேவை, ஜனங்களுக்கு உபயோகமான வேலை என்றாய். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வீச்சையும் சேர்த்து அச்சடித்தால் எடுத்துக்கொள் என்றேன். நீ எதிரே இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, கண்டிப்பா என்றாய். பெற்ற மகனிடம் அதற்கு மேல் உறுதி வாங்குகிற வழக்கம் நம் வீட்டில் இல்லை. நான் செய்த தவறு என்று இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லி உன் பழியில் பாதியை வாங்கிக்கொள்வேன் என்று நீ எதிர்பார்த்தால், அது நடக்காது. நம்பிக் கொடுத்தேன். அது தவறில்லை.

அடுத்த வருடம் மாமல்லபுரத்தில் கடலோர ஓட்டல் ஒன்றில் உன் கம்பெனிக்கு விழா எடுத்தாய். என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தாய். மேடையில் நீ நன்றாகப் பேசினாய், சந்தேகமில்லை. பாதியில் உன் அப்பாவைக் கொண்டுவந்தாய். பள்ளிக்கூடப் பையனாக ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, அப்பா பிழைத்துவிடுவாரா என்று அம்மாவைக் கேட்டதாகவும், அம்மா சதவீதம் பேசியதாகவும், மனிதர்களுக்கு வேண்டியது வீச்சு இல்லை விடை என்று அன்றைக்கே புரிந்துகொண்டதாகவும், அந்தப் புரிதல்தான் இந்தக் கம்பெனி என்றும் சொன்னாய். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் நான் யார் என்று தெரியாமல், "என்ன மாதிரி அம்மாங்க அது" என்று என்னிடமே சொன்னார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன்.

அன்று வராந்தாவில் நடந்ததை நானும் சொல்கிறேன். சதவீதம் எதையும் நான் சொல்லவில்லை. உன் அப்பாவின் கல்லீரல் முழுக்கக் கெட்டுப்போயிருந்தது. டாக்டர் என்னிடம் சொன்னதை நான் உன்னிடம் சொன்னேன். "பொழைக்க வாய்ப்பு கம்மிதான் கண்ணா. சுத்தமா இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா இன்னைக்கே உள்ள போய் அவர்கிட்ட பேசிடு." நீ என்னை வெறித்துப் பார்த்தாய். நீ அம்மாதானா என்று கேட்டாய். கேட்டுவிட்டு உள்ளே போனாய். சாயங்காலம் விளக்குப் போடுகிற வரைக்கும் அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாய். நர்ஸ் வந்து இரண்டு முறை வெளியே போகச் சொல்லியும் அவர் உன் கையை விடவில்லை. நீங்கள் என்ன பேசினீர்கள் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. அது உங்கள் இருவருக்கும் உரியது. மறுநாளிலிருந்து அவருக்கு நினைவில்லை. 'கவலைப்படாதே, அப்பா வந்துவிடுவார்' என்று நான் ஒரு விடையைச் சொல்லியிருந்தால், நீ அன்று கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பாய். அந்தச் சாயங்காலத்தை நீ மேடையில் சொல்லாமல் விட்டாய். சொன்னால் கதை உன் பக்கம் நிற்காது.

இனி உன் அத்தையின் கதைக்கு வருகிறேன். படிக்கிறவர்களுக்காக: தனம் என் கணவரின் தங்கை. மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவர் ஏழுமலை லாரி ஓட்டினார், பிறகு சொந்தமாக லாரி வைத்திருந்தார். பிள்ளை இல்லை. பள்ளி விடுமுறையில் என் மகனை லாரியில் முன்னால் உட்கார வைத்துத் திண்டிவனம் வரைக்கும் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். இவனும் ஹாரனை அடித்துக்கொண்டே போவான். ஏழுமலைக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கும் பயிற்சிக்கும் பக்கமாக இருக்க வேண்டுமென்று படூரில் ஒரு ஃபிளாட் பார்த்தார்கள். படுத்திருக்கிறவரை மாடிக்குத் தூக்க முடியாதென்று தரைத்தளம்.

தனம் இதை என்னிடம் கேட்கவில்லை, செழியா. உன்னிடம் கேட்டாள். ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று நான் பிறகு கேட்டபோது அவள் மறைக்கவில்லை. "உன்ன எதக் கேட்டாலும் வரலாம், வராமலும் போவலாம்னுதான் அண்ணி சொல்வே. அவன் நேரா சொல்லிட்டான், தண்ணி வராதுன்னு. எனக்கு வேற இன்னா வோணும்?" என்றாள். அது எனக்கு வலித்தது என்று இப்போது எழுதுவதில் வெட்கமில்லை.

கிரகப்பிரவேசத்தன்றுதான் அந்தச் சான்றிதழைப் பார்த்தேன். அடுக்குமாடியின் நுழைவாயிலில், படிக்கட்டுக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். 'வெள்ள அபாயம்: இல்லை' என்று எழுதி ஒரு பச்சை முத்திரை. கீழே பொடி எழுத்தில் என் மாடலின் பெயர். வீச்சு இல்லை. முகத்துவாரம் என்ற சொல்லே இல்லை. நீ பட்டுவேட்டி கட்டிக்கொண்டு வாசலில் எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தாய். உன்னைக் கார் நிறுத்தும் இடத்துக்கு அழைத்துப்போய், எங்கே மீதி என்று கேட்டேன். முகத்துவாரம் எப்போதும் திறந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்கை ஓட்டியதாகச் சொன்னாய், பல்லிடுக்கில் ஏதோ சிக்கியதைச் சொல்கிற மாதிரி. "வீச்சைப் போட்டா பில்டர் எவனும் வாங்க மாட்டான்மா. வீடு வாங்குறவங்களும் பயந்துடுவாங்க. இது பிராடக்ட், உன் ஆராய்ச்சிக் கட்டுரை இல்ல." அதைக் கழற்று என்றேன். நல்ல நாளில் ஆரம்பிக்காதே என்றாய். நான் உள்ளே போய்த் தனத்திடம் சொன்னேன். அவள் பால் பொங்கிக்கொண்டிருக்கிற பாத்திரத்தைப் பார்த்தபடி, இந்த நேரத்தில் அப்படியெல்லாம் பேசாதே அண்ணி என்று மெதுவாகச் சொன்னாள். அறைக்குள் ஏழுமலை புதுச் சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் கோணியிருந்தாலும் சிரித்தார். உன்னைக் கைகாட்டி, நல்ல கையின் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

அதற்குப் பிறகு வந்த பெருமழையைப் பற்றி நான் விவரிக்க வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மேலே இருக்கிற ஏரிகளில் கலங்கல் எல்லாம் ஒன்றாக வழிந்தது. முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தது. பொழுது விடிந்தபோது படூரில் தெருவில் தண்ணீர் நின்றது. தனம் முதலில் உன்னைத்தான் அழைத்தாள். பக்கத்தில் நின்ற எதிர்வீட்டுப் பெண்ணுக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், ஆகையால் நீ சொன்னதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். "செழியா, ரோட்ல தண்ணி ஏறிகினே வருது. மாமாவ மாடிக்குத் தூக்கினு போய்டட்டுமா?" என்று அவள் கேட்டாள். "தண்ணி உள்ள வராது அத்தை. நான் ஸ்கிரீன்லயே பாத்துட்டிருக்கேன். அவரை ஏன் போட்டு அலைக்கழிக்கிறீங்க, படுத்திருக்கட்டும்" என்று நீ சொன்னாய்.

படுத்திருக்கட்டும். இந்த ஒரு சொல்லைத்தான் உன்னால் மறக்க முடியாதபடி இங்கே எழுதி வைக்கிறேன். எதிர்வீட்டுப் பெண்ணும் அவள் கணவரும் ஆள் சேர்த்து ஏழுமலையைத் தூக்கத் தயாராகத்தான் இருந்தார்கள். என் மருமகன் இதில் டாக்டர் பட்டம் வாங்கினவன், அவனுக்குத் தெரியும், நீங்கள் உங்கள் வீட்டைப் பாருங்கள் என்று தனம்தான் அவர்களை அனுப்பிவைத்தாள். பிறகு அவருக்குக் கஞ்சி காய்ச்சினாள். தெருப்பக்கமிருந்து வரவில்லை தண்ணீர். குளியலறைச் சாக்கடையிலிருந்து பொங்கி வந்தது. கரண்ட் போயிற்று. கட்டில் உயரத்துக்கு ஏற அதற்கு வெகுநேரம் ஆகவில்லை. தனம் அவர் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கத்தினாள். ஆட்கள் மாடியிலிருந்து இறங்கி வந்து, கதவைத் தள்ளித் திறந்து, அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குள் அவர் நிறைய அழுக்குத் தண்ணீர் குடித்துவிட்டார். பக்கவாதத்துக்குப் பிறகு சரியாக விழுங்க முடியாத தொண்டை, எல்லாம் நுரையீரலுக்குள் போயிருந்தது. கோவளத்திலிருந்து மீனவர்கள் படகு கொண்டுவந்து அவரை வெளியே எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் இறங்கவே இல்லை. அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார்.

காரியத்துக்கு நீ ஊருக்கு வந்தாய். வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பந்தலில் உட்கார்ந்து, உன் சித்தப்பன் பிள்ளைகளிடம், இது மிக அபூர்வமான நிகழ்வு, எந்த மாடலும் பிடிக்க முடியாதது என்று விளக்கிக்கொண்டிருந்தாய். அபூர்வம் இல்லை, செழியா. முகத்துவாரம் மூடியிருக்கும் என்று போட்டு அந்த மாடலை ஓட்டினால் அந்த வீடு தண்ணீருக்குள்தான் இருக்கும் என்ற பக்கம் பாதிக்கு மேல் சாய்கிறது. நீ ஓட்டிப் பார்க்கவில்லை, அல்லது ஓட்டிப் பார்த்துவிட்டு மூடிவிட்டாய். தனம் உள்ளேயிருந்து வந்து உன் எதிரில் உட்கார்ந்தாள். அழவில்லை. "தெரியாது அத்தைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் அவர தூக்கினு போயிருப்பேன்டா" என்றாள். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அப்போது நீ அவள் காலைப் பிடித்திருந்தால் இந்தக் கடிதமே இருந்திருக்காது. நீ பாக்கெட்டில் அதிர்ந்த போனை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே போனாய்.

அடுத்து வந்தது அந்த அறிக்கை. குடியிருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து வழக்குப் போட்டவுடன் உன் கம்பெனி வெளியிட்டது. 'பேராசிரியரின் மாடலில் நிச்சயமின்மை உண்டு என்பது அவருடைய கட்டுரையிலேயே தெளிவாகக் கூறப்பட்டுள்ளது' என்று. நான் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். விற்கும்போது அழித்துவிட்டு, மாட்டிக்கொண்டபோது அதே நிச்சயமின்மையைக் குடையாகப் பிடித்துக்கொண்டாய். ஒரு மனிதரின் சாவுக்குப் பிறகு, என் வாழ்நாள் வேலையை, நீ கேலி செய்த அந்த ஆட்டுக்கல்லை, உன்னைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்துக்கொண்டாய். பொய் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். வகுப்பில் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். உண்மையைத் தனக்கு வேண்டிய நேரத்தில் மட்டும் வெளியே எடுக்கிறவனை என் வீட்டிலேயே வளர்த்திருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது.

அப்புறம் நீ வீட்டுக்கு வந்தாய், கையெழுத்து வாங்க. மாடலை உருவாக்கியவர் என்ற முறையில், கணிப்பு அறிவியல்படி சரியான எல்லைக்குள்தான் இருந்தது என்று நான் ஒப்புதல் தர வேண்டும் என்றாய். மறுத்தேன். என் வேலை போய்விடும், கூட இருக்கிற பசங்களின் வேலையும் போய்விடும் என்றாய். அது உண்மை, அந்தப் பிள்ளைகளை நினைத்து எனக்கு வருத்தம்தான். கடைசியாக, அப்பா இருந்திருந்தால் போட்டிருப்பார் என்றாய். போட்டிருக்க மாட்டார். தன் தங்கையை விதவையாக்கிய காகிதத்தில் அவர் கைநாட்டுகூட வைத்திருக்க மாட்டார்.

செங்கல்பட்டில் நடந்த விசாரணைக்குத் தனம் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டாள். போனேன். மாடலை அந்த அறையிலேயே ஓட்டிக் காட்டினேன், முதலில் நீ ஓட்டியபடி, பிறகு முகத்துவாரத்தை மூடி. உங்கள் வக்கீல் மரியாதையாகத்தான் பேசினார். தண்ணீர் வந்தே தீரும் என்று முன்னாடியே உறுதியாகச் சொல்லியிருப்பீர்களா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். வராது என்று சொல்லியிருப்பீர்களா என்றார். அதுவும் மாட்டேன் என்றேன். "அப்ப எதையுமே உங்களால உறுதியா சொல்ல முடியாது, இல்லையா மேடம்?" என்றார், சிரிக்காமல். "ஒண்ணு சொல்ல முடியும். நான் வீச்சோட கொடுத்தேன். அதை அழிச்சது அவன். அழிக்காதேன்னு நான் சொன்னப்ப அவன் என் எதிர்லதான் நின்னுட்டிருந்தான்" என்றேன். உன்னைக் கைகாட்டவும் செய்தேன்.

வெளியே வந்தபோது, பெற்ற பிள்ளைக்கு எதிராகச் சாட்சி சொன்ன அம்மாவை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாய். என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டவள் உன் அத்தை, நீ கூப்பிட்டது கையெழுத்துக்கு என்று சொல்லிவிட்டுத் தனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். தீர்ப்பில் உன் கம்பெனி கொடுத்த பச்சை முத்திரைகள் எல்லாவற்றையும் திரும்பப் பெறச் சொன்னார்கள். படூர் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இழப்பீடு உண்டு. உன் பங்குதாரர்கள் கம்பெனியை மூடிவிட்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். நீ வெளிநாடு போகிறாய்.

அம்மா என்றால் அறிவுரை சொல்ல வேண்டும் அல்லவா? சொல்கிறேன். அங்கே உன்னை மதிப்பார்கள். கெட்டிக்காரர்களுக்கு எல்லா ஊரிலும் நாற்காலி இருக்கிறது. நீ செய்கிற மாடல்கள் இனி படூரோடு நிற்காது. யாருக்கு வைத்தியம், யாருக்கு வீடு, யாருக்கு வேலை என்று முகம் தெரியாத ஜனங்களைத் தொடும். உன் திரையில் ஒரு பச்சை நிறம் தெரியும்போதெல்லாம் அதற்குப் பின்னால் கஞ்சி காய்ச்சிக்கொண்டு ஒருத்தி உன் வார்த்தையை நம்பி நிற்கிறாள் என்று நினைத்துக்கொள். தெரியாது என்று எழுத வேண்டிய இடத்தில் எழுது. உன் மேலதிகாரி அதை அழிக்கச் சொன்னால் வேலையை விடு. விட மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன்; இருந்தாலும் சொல்லிவிட்டேன். உன் கட்டுரை எதிலும் என் பெயரைப் போடாதே. நன்றி என்ற தலைப்பில்கூட வேண்டாம்.

தனம் இப்போது என்னோடு இருக்கிறாள். படூர் வீட்டுக்குத் திரும்பிப் போக அவளால் முடியவில்லை. ஒருமுறை போய், படியிலேயே உட்கார்ந்துவிட்டு வந்தாள். உன் அறையை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். உன் புத்தகங்களைக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்துவிட்டேன், உன் கட்டிலில் அவள் படுக்கிறாள். ஏழுமலையின் படத்தை உன் மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறாள். எப்போதாவது நீ இந்த ஊருக்கு வந்தால், வாசலில் நின்று மணியடி. நான் கதவைத் திறக்க மாட்டேன். அவளை அனுப்புகிறேன். அவள் உள்ளே வா என்றால் வா. சொல்லவில்லையென்றால் திரும்பிப் போய்விடு; என்னைக் கூப்பிடாதே.